தாமதமாகப் பிறப்பவை

பிறந்த நியூட்ரான்கள் எல்லாம் சாகவில்லை. சில மிஞ்சின.

டோரதி பிரிண்டர் துப்பிய தாளை மேலிருந்து கீழ்வரை இன்னொரு முறை பார்த்தாள். அவள் எழுதிய புரோகிராமில் ஒரு நியூட்ரானுக்கு மூன்று சாவுதான் உண்டு. யுரேனியத்தில் மோதி அதைப் பிளந்து, புதியவற்றைப் பிறப்பித்துவிட்டுச் சாகலாம். வேறு எதிலாவது சிக்கி அங்கேயே முடியலாம். இரண்டும் இல்லாமல் அணு உலையின் கான்கிரீட் சுவரைத் தாண்டி வெளியே போனால், அந்த நொடியே அதன் கதையை முடித்துவிடும்படி அவள் எழுதியிருந்தாள். நாலாவது வழி கிடையாது. ஆனால் தாளின் அடியில் ஒரே சொல் வரிசையாக இறங்கியிருந்தது. தொலைந்தது. தொலைந்தது. தொலைந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது கடைசியாக இருந்த அறையின் எண். எல்லாவற்றுக்கும் ஒரே எண். நாலு.

உலையின் ஒவ்வொரு பகுதியையும் அவர்கள் அறை என்றுதான் சொல்வார்கள். உலையின் அறைகளுக்கு அவள் பதினொன்றிலிருந்து எண் கொடுத்திருந்தாள். நாலு என்று ஓர் அறையே இல்லை.

"பதினாலா இருக்கும்மா," என்றார் நல்லதம்பி. கம்ப்யூட்டர் மிஷினை ஓட்டுபவர். ஏ.சி.க் குளிருக்கு மப்ளர் சுற்றியிருந்தார். "பிரிண்டர்ல ஒண்ணாம் நம்பர் தேஞ்சு போச்சு, என் கடவாப்பல்லு மாதிரி. பல்லுக்காவது டாக்டர் இருக்காரு."

பதினாலு என்றால் கான்கிரீட்டின் கடைசி அடுக்கு. பொருந்தி வந்தது. அவள் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இல்லை. இரண்டு நாளாகக் கோபத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

எடமலைப்பட்டி புதூரில் மதுரை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது அந்த ஆராய்ச்சிக்கூடம். கடற்கரையில் கட்டி முடித்திருந்த ஒரு சோதனை உலைக்காகக் கணக்குப் போட்டுத் தருவது அங்கே நடந்த வேலை. நியூட்ரான்களை விழுங்கி உலையை அடக்கி வைக்கும் கட்டுப்பாட்டுக் கோல் ஒன்று தானாக மேலே ஏறிவிட்டால் உள்ளே நியூட்ரான்கள் எப்படிப் பெருகும்? அநேகமாக எல்லாமே பிளந்த கணத்தில் பிறந்துவிடும். மிகச் சிறிய பங்கு மட்டும் சில நொடிகளோ ஒரு நிமிடமோ தாமதித்துப் பிறக்கும். அந்தச் சோம்பேறிகள்தான் கடிவாளம். அவை இருப்பதால்தான் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கையை நீட்டிப் பொத்தானை அமுக்க அவகாசம் கிடைக்கிறது.

முந்தின நாள் புரொபசர் பாக்கியநாதன் அந்தப் பங்கைக் கூட்டிப் போடச் சொன்னார். கூட்டினால் வரைபடத்தில் கோடு சாதுவாக ஏறும். டோரதி உண்மையான மதிப்பைப் போட்டாள். கோடு செங்குத்தாக நின்றது.

"இது பயமுறுத்துற கோடும்மா," என்றார் அவர். "இத எடுத்துட்டு நான் பம்பாய்ல கமிட்டி முன்னால எப்படிப் போய் உக்கார்றது?"

"அளந்த மதிப்பு அதுதான் சார்."

"நீ அளந்தியா?"

"இல்ல சார். நீங்களும் அளக்கல."

அவர் மேசையிலிருந்த அட்டைப்பெட்டியைப் புறங்கையால் தள்ளினார். அவளுடைய மொத்தப் புரோகிராமும், துளையிட்ட அட்டைகளாக, தரை முழுக்கச் சிதறியது. "பொறுக்கி அடுக்கு. நான் சொன்னதப் போட்டு ஓட்டு. வெள்ளிக்கிழமை உன் கையெழுத்து எனக்கு வேணும்." அட்டைகளை மிதித்துக்கொண்டே போனார். ஓர் அட்டையில் செருப்புத் தடம் பதிந்திருந்தது. அவள் முட்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நல்லதம்பியும் குனிந்து பொறுக்கினார். அடுக்கிய வேகத்தில் எதையும் சரிபார்க்கவில்லை.

அந்த உலையின் கட்டுப்பாட்டு அறையில் முதல் ஷிஃப்டுக்குத் தேர்வானவர்களில் அவள் தம்பி விக்டரும் ஒருவன். அப்பா செத்தபிறகு அவள் சம்பளத்தில் படித்தவன். பொத்தானை நோக்கி நீளப்போகும் கை அவனுடையது. இதைப் புரொபசரிடமும் சொல்லியிருந்தாள்.

"நல்லதாப் போச்சு," என்றார் அவர். "பெருமைப்படு."

*

அன்று சாயங்காலம் மேலப்புதூர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்த வாசனை வந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே, மூக்கின் உள்தோலைச் சுரண்டுகிற, கரியும் இல்லாத கந்தகமும் இல்லாத ஒரு சுத்தமான வாசனை. வானத்தில் மேகமே இல்லை. முன்னறையில் மாதா சுரூபத்தின் காலடியில் ஜீரோ வாட் நீல பல்பு வழக்கம்போல எரிந்தது. அதன் வெளிச்சம் சுவரில் ஏறி, பாதியில் களைத்து, உத்தரத்தைத் தொடாமல் நின்றது. அடுக்களையில் கருவாடு வறுபடும் வாசனையைக்கூட அந்த இடி வாசனை ஒதுக்கித் தள்ளியிருந்தது.

"ஏண்டி, பக்கத்துல யாரும் தையல் மிஷின் வாங்கிட்டாங்களா?" என்றாள் அம்மா சகாயம்மாள். "மத்தியானம் பூரா டகடகன்னு ஒரே சத்தம். விக்டர் ரூம்பு சுவரே அதிருது."

"அந்தப் பக்கம் காலி மனைம்மா. முள்ளுச்செடிதான் இருக்கு."

"அதத்தான் நானும் கேக்குறேன்."

விக்டர் ஒரு மாத லீவில் வந்திருந்தான். உலையைக் கிளப்பும் முன் கொடுத்த லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவதுதான் அவனுடைய வேலை. சுவரோரக் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, ரியாக்டர் உன் மூஞ்சியிலயே இருக்கு?"

"வாய மூடு."

"மூடினாலும் கசக்குது, தொறந்தாலும் கசக்குது. மத்தியானத்துலேர்ந்து நாக்குல பீரோ சாவிய வச்சிருக்குற மாதிரி இருக்கு."

"ரெண்டு வேளையும் கருவாடு தின்னா அப்படித்தான் இருக்கும்."

அவன் தலைக்குமேல் ஆணியில் கேமரா தொங்கியது. ஜன்னலில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணிபிளாண்ட். அதன் சுவர்ப்பக்க இலைகள் மட்டும் பழுப்பாகியிருந்தன. தண்ணீர் மாற்றவில்லை என்று அதற்கும் அவனைத் திட்டினாள். கோபம் அவளிடம் எதையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. கிடைத்தவர் மேல் இறங்கியது.

மறுநாளும் ஓட்டினாள். அவர் சொன்ன மதிப்பில் இல்லை. தன் மதிப்பில். கோலை இன்னும் உயரத் தூக்கி. மத்தியானத்தில்தான் மிஷின் சும்மா இருக்கும். ஒதுக்கிய நேரம் தீர்ந்ததும் நல்லதம்பி ஓட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். தாமதமாகப் பிறக்க வேண்டியவற்றைப் புரோகிராம் ஒரு வரிசையில் நிறுத்தி வைக்கும், நேரம் வரும்போது ஒவ்வொன்றாக விடும். நேரம் வருமுன் மிஷின் நின்றது. வரிசை அப்படியே இருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கோடு மட்டும் போதும். கோடு நேற்றைவிடச் செங்குத்தாக இருந்தது. தொலைந்தவற்றின் பட்டியலும் நேற்றைவிட நீளமாக மடிந்து கிடந்தது.

சாயங்காலம் விக்டரின் முகம் சிவந்திருந்தது. இடப்பக்கம் மட்டும்.

"ஞாயித்துக்கிழம முக்கொம்புக்குப் போனோம்ல, அந்த வெயிலு," என்றாள் அம்மா. "டாக்டரும் அதத்தான் சொல்றாரு. ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டான்."

முக்கொம்புக்குக் குடும்பமே போயிருந்தது. வேறு யாருக்கும் சிவக்கவில்லை. டோரதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தொட்டாள். காது மடலிலிருந்து மூக்கின் நடுத்தண்டு வரை சிவப்பு. அதற்கப்பால் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. அவன் எப்போதும் வலப்பக்கம் தலையணையில் அழுந்தத்தான் படுப்பான். மேலே இருக்கும் கன்னம் இடக்கன்னம்.

வீட்டில் சத்தம் அடங்கியபின் அவள் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சூடு இல்லை. சுண்ணாம்பு குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள், எதற்கென்று தெரியாமல், தெருவில் சைக்கிள் மணி ஒன்று போய் மறையும் வரை, அம்மாவின் ஜெபமாலை முனகல் தூக்கத்தில் கரையும் வரை. அப்போது உள்ளங்கையில் ஒரு குத்தல். யாரோ சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு மணலை எறிந்தது போல. டக். நீண்ட அமைதி. மறுபடி. டக்.

பல்லி என்று நினைத்தாள். பல்லியைக் காணோம். கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை காலை புரொபசர் அறிக்கையை டைப் அடித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவருடைய மதிப்பு. அவருடைய சாதுவான கோடு. கீழே அவள் பெயர், கையெழுத்துக்கு இடம் விட்டு.

"தொலைஞ்சதுன்னு ஏதோ வருதாமே? நல்லதம்பி சொன்னாரு."

"ஆமா சார். எங்கேன்னு தேடணும்."

"தொலைஞ்சத எதுக்குத் தேடுற? கொன்னு விட்டுடு. ஒரு அட்டை போதும்."

அவர் போனதும் அவள் அட்டை அடிக்கும் மிஷினில் உட்கார்ந்தாள். அடித்தது வேறு. கோல் முழுக்க வெளியே. உண்மையான மதிப்பு. நேர வரம்பு இல்லை. மிஷினாக நின்றால்தான் நிற்கும். அந்தச் சுவர் போன்ற கோட்டை ஓர் ஆள் உயரத்துக்கு அச்சடித்து அவருடைய மேசை முழுக்க விரிப்பாள். அதன்மேல் வைத்து அவர் டீ குடிக்கட்டும்.

"ஒரு மணிக்குப் போடுங்கண்ணே. நான் ஸ்ரீரங்கம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"என்னம்மா, லிமிட்டே போடல? சாயங்காலம் வரைக்கும் ஓடுமே."

"ஓடட்டும்."

விக்டரின் கேமரா ரோலை முந்தின நாள் வஹீதாவிடம் கழுவக் கொடுத்திருந்தாள். கல்லூரியில் கூடப் படித்தவள். ஸ்ரீரங்கத்தில் அவள் அத்தா வைத்திருந்த ஸ்டுடியோவைக் கவனித்துக்கொண்டாள். சாரம் கட்டி ஏறிக்கொண்டிருந்த ராஜகோபுரத்திலிருந்து சிமென்ட் தூசி வந்து கண்ணாடிக் கதவில் படிந்திருந்தது. உள்ளே போனதும் வஹீதா முறைத்தாள்.

"உன் தம்பிக்குக் கேமரா ஒரு கேடா? ரோல வெயில்ல தொறந்து பாத்தானா? பூராக் கருப்பு. எங்க மேல பழி போடாத."

"அவன் தொறக்கல. ஆணியிலதான் தொங்கிச்சு."

"அப்ப ஆணியக் கேளு."

டோரதி நெகட்டிவை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முக்கொம்பும் இல்லை, அம்மாவும் இல்லை. கருப்பு. ஆனால் ஓரத்தில் வெளிறிய ஒரு வளைவு இருந்தது. கேமராவுக்குள் இருக்கும் உலோகச் சுருளின் நிழல். லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் அப்படி நிழல் போடாது. எதுவோ பின்பக்கமாக வந்திருந்தது. கேமரா உடம்பைத் துளைத்துக்கொண்டு. சுவர்ப்பக்கமிருந்து.

சுவர். இடக்கன்னம். பழுத்த இலைகள். டக்.

சிரிப்புச் சத்தம் ஒன்று அவள் நினைவில் கேட்டது. புரோகிராமை உலைக்கு விடும் முன் நன்றாகத் தெரிந்த ஓர் இடத்தை வைத்துச் சோதிப்பது அவர்கள் வழக்கம். நியூட்ரான் எந்தச் சுவரில் நுழைந்து எந்த அறையில் வெளிவருகிறது என்று கண்ணை மூடிச் சொல்லக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அவள் தன் வீட்டைப் போட்டாள். டேப்பின் மறுமுனையை விக்டர் பிடித்தான். "அடுப்பங்கரைல எவ்வளவு யுரேனியம் வைக்கப் போறக்கா?" சுவரின் தடிமன், ஜன்னல், கட்டில் எல்லாம் அளந்தார்கள். முன்னறை ஒன்று. அடுக்களை இரண்டு. அம்மாவின் அறை மூன்று.

விக்டரின் அறை நாலு.

அந்த அட்டைகள் அதே பெட்டியில்தான் கடைசியில் கிடந்தன, ரப்பர் பேண்டு போட்டு. தரையில் அட்டை பொறுக்கியபோது ரப்பர் பேண்டைப் பார்த்த ஞாபகம் இல்லை. வீட்டின் அட்டைகள் உலையின் அட்டைகளோடு சேர்ந்துவிட்டன. கான்கிரீட்டுக்கு வெளியே எல்லாம் முடிந்துவிட வேண்டும். இப்போது கான்கிரீட்டுக்கு வெளியே அவர்கள் வீடு இருந்தது.

பிரிண்டரில் எதுவும் தேயவில்லை. அதே தாளில் தேதி வரியில் ஒன்றாம் எண் கருகருவென்று விழுந்திருந்தது. அவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டுக் கோபப்படப் போயிருந்தாள்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி தாண்டி வெகு நேரம் ஆகியிருந்தது.

"வஹீ, போன்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு நல்லதம்பி.

"அண்ணே, நிறுத்துங்க. ஓட்டத்த நிறுத்துங்க."

"நல்லாத்தானம்மா ஓடுது? சாரே வந்து நிக்கிறாரு. கோடு ஏறுறதப் பாத்துட்டு—"

போன் கை மாறியது. "என்னம்மா டோரதி. ரெண்டு நாளா ஓட்டணும் ஓட்டணும்னு ஒத்தக் கால்ல நின்ன. இப்ப நிறுத்தணுமா?"

"சார், நிறுத்துங்க. காலைப் பிடிச்சுக் கேக்குறேன். கையெழுத்துப் போடறேன். எதுல வேணா போடறேன்."

"அதத்தான் அன்னிக்கே போட்டிருக்கலாம்ல?" அவர் சிரித்தார். "முழுசா ஓடட்டும். நீ எவ்வளவு தப்புன்னு நானும் பாத்துக்கிறேன்."

"டேய்!" என்று கத்தினாள். வாழ்க்கையில் முதல் தடவை. வஹீதாவின் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது. "அங்க என் தம்பி இருக்கான்டா!"

தலைக்குமேல் மின்விசிறி வேகம் குறைந்து, முனகி, நின்றது.

போனில் யாரோ தூரத்தில் பேசினார்கள். பிறகு நல்லதம்பியின் குரல், பயந்துபோய். "கரண்ட் போச்சும்மா. ஊரு பூரா போச்சாம். மிஷின் படுத்துருச்சு. எல்லாம் நின்னுபோச்சு."

அவள் போனை வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள். நின்றுவிட்டது. வஹீதா தண்ணீர் கொடுத்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, தண்ணீர் மூக்கில் ஏறியது.

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியபோதுதான் அது உறைத்தது. கீழே ஆற்றில் மணல்தான் அதிகம். நடுவில் கொஞ்சம் தண்ணீர் வெயிலில் மின்னியது.

மிஷின் நின்றால் அந்தக் கணத்தில் பிறப்பவை நின்றுவிடும்.

தாமதமாகப் பிறப்பவை?

அவை வரிசையில் நிற்கின்றன. நேர வரம்பே போடாமல் அவள் பெருக்கிய வரிசை. இப்போது விடு, அப்புறம் விடு என்று நேரத்தை எண்ணிக்கொண்டிருந்தது மிஷின். மிஷின் இல்லை. எண்ண யாரும் இல்லை.

வரிசை இருக்கிறது.

பாலத்தின் நடுவே மாட்டுவண்டி குறுக்கே நின்றது. கண்டக்டர் வண்டிக்காரனைத் திட்டினார். அவள் கண்டக்டரைத் திட்டினாள். இறங்கினாள். ஓடினாள். வெயிலில் தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.

*

தெருவில் எந்த வீட்டிலும் ரேடியோ பாடவில்லை. விசிறி ஓடும் சத்தம் இல்லை. கரண்ட் இன்னும் வரவில்லை.

அந்த வாசனை தெரு முனையிலேயே வந்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. முன்னறை ஜன்னல்கள் அடைத்திருந்தன. வெயிலில் வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. மாதாவின் காலடியில் பல்பு அணைந்திருந்தது. சுரூபம் நீலமாகத் தெரிந்தது.

சுவரில் சத்தம் இருந்தது. தையல் மிஷின் இல்லை. மழை. தகரக் கொட்டகை மேல் பெய்யும் மழை.

"டோரதியா?" அம்மாவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "வெளிச்சம் கண்ணக் குத்துதுன்னான். அதான் எல்லாத்தையும் சாத்திட்டேன். கரண்ட் இல்லாட்டியும் மாதா வெளக்கு எரியுது பாரு. வேண்டிக்கிட்டேன்டி. எரியுது."

"அம்மா. வெளிய வா."

"இரு. தண்ணி கேக்குறான்."

டோரதி நாலாம் அறையின் நிலைப்படியில் நின்றாள். கால் உள்ளே வைக்க வரவில்லை. நாக்கில் சாவி. கன்னத்தில் மணல், மணல், மணல்.

தலையணை முழுக்க முடி. விக்டர் எழுந்து உட்கார்ந்திருந்தான். முகம் இவள் பக்கம் திரும்பியது. அதில் இடது, வலது என்று எதுவும் இல்லை.

கட்டிலருகே ஸ்டூலில் பெரிய கண்ணாடி ஜாடி. அதிலிருந்த தண்ணீர்தான் அறைக்கு வெளிச்சம். அடியிலிருந்து மேல்வரை, அசையாமல், நீலம். ஓடும் உலையின் தண்ணீர்த் தொட்டியைப் படங்களில் பார்த்திருந்தாள், அதே நீலம்.

அம்மா கிளாசில் ஊற்றினாள். நீலம் வளைந்து இறங்கியது. அவள் விரல்களுக்குள் எலும்புகள் தெரிந்தன.

"விக்டர். குடிக்காதடா."

"தாகமா இருக்குக்கா," என்றான்.

அம்மா அவன் பிடரியைத் தாங்கிக் கிளாசை உதட்டில் வைத்தாள். சின்ன வயதில் கொடுத்த மாதிரி. அவன் கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், மடக்கு மடக்காகக் குடித்தான். ஒவ்வொரு மடக்கும் அவன் தொண்டைக்குள் எரிந்துகொண்டு இறங்குவதை, நெஞ்சில் நின்று விலா எலும்புகளை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு அடிவயிற்றில் போய்ச் சேர்ந்து அணையாமல் கிடப்பதை, டோரதி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

குடித்து முடித்தவன் காலிக் கிளாசை நீட்டினான்.

அம்மா மறுபடி ஊற்றினாள்.